திறந்த மனமும் மூங்கில் வாளும்: பல ஆசான்களிடம் கற்பது குறித்துச் சில குறிப்புகள்

1

'எல்லோரிடமிருந்தும் கற்றுக்கொள், மனசைத் திறந்து வை' என்பது எந்தத் துறையிலும் காசு கொடுக்காமல் கிடைக்கிற உபதேசம். சண்டைக் கலைகள் சொல்லித்தரப்படும் இடங்களில் இது இன்னும் தாராளமாகக் கிடைக்கும். சுவரில் எழுதியே மாட்டியிருப்பார்கள். பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் இரண்டு மாதம் போய்வந்த பையனை 'இனிமே இந்தப் பக்கம் வராதே' என்று சொல்வதும் அதே சுவருக்குக் கீழே நின்றுதான். இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இரட்டை வேடம் என்பது தனிமனிதக் குணம் பற்றிய தீர்ப்பு. அது எதையும் விளக்காது. நல்லவர் என்று பேரெடுத்த ஆசான்களும் ஏன் கதவைச் சாத்தினார்கள், அப்படியொன்றும் பெருந்தன்மை இல்லாதவர்கள் இருந்த இடங்களில்கூட ஏன் சில காலம் கதவு திறந்திருந்தது என்கிற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்தக் கட்டுரை சொல்லவருவது இதுதான்: திறந்த மனம் என்பது மனசின் குணம் அல்ல, ஓர் ஏற்பாடு. ஒருவர் இன்னொரு ஆசானிடம் போக முடிய வேண்டும். போய்க் கற்றதைத் திரும்பிவந்து சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். யாரிடம் கற்றோம் என்பதை மறைக்காமல் சொல்ல முடிய வேண்டும். போதல், சோதித்தல், சொல்லுதல். இந்த மூன்றுக்கும் வழியில்லாத இடத்தில் 'மனசைத் திறந்து வை' என்று சொல்வது, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்ட ஒருவர், உள்ளே இருப்பவனைப் பார்த்து 'வெளியே போய்க் காற்று வாங்கு' என்று சொல்வதுபோலத்தான். பொறுப்பு முழுவதும் அங்கே ஆகப் பலவீனமானவனின் தலையில், அதாவது கற்கவந்தவனின் தலையில், ஏற்றப்படுகிறது.

இதை விளக்க ஜப்பானிய, ஒகினாவா சண்டைக் கலைகளின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நம் ஊர்களில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் கலர் பெல்ட்டுமாகப் போகிற கராத்தே வகுப்பின் அமைப்பு அங்கிருந்துதான் வந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கோட்பாட்டில் தோற்றதை ஒத்துக்கொள்ளாமலே ஒருவர் இருபது வருஷம் ஓட்டிவிடலாம். உடம்பு கீழே விழுந்தால் விழுந்ததுதான். கற்பதற்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு உடம்பின்மேல் நடக்கும்போது கொஞ்சம் வெளிச்சமாகத் தெரிகிறது.

2

டொகுகாவா ஆட்சிக் காலத்தில் (1603–1868) ஜப்பானில் வாள், ஈட்டி, வெறுங்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஏராளமான பள்ளிகள் இருந்தன. 'ரியூ' என்று பெயர். ஒரு பள்ளியில் சேர்கிறவர் சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பல பள்ளிகளில் விரலைக் கீறி ரத்தத்தால் முத்திரையும் வைக்க வேண்டும். கற்றதைப் பெற்றோர், உடன்பிறந்தாருக்குக்கூடக் காட்டமாட்டேன், அனுமதியில்லாமல் வேறு பள்ளிக்காரரோடு மோதமாட்டேன், மீறினால் தெய்வ தண்டனை என்பது அந்தப் பத்திரங்களின் பொதுவான சாரம்.

இதை மூடிய மனம் என்று சொல்வது எளிது. அதன் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். ஆசானின் பிழைப்பு, பிரபுவின் அரண்மனையில் கிடைக்கும் மானியத்தையும் படிப்படியாக வழங்கப்படும் சான்றுச் சுருள்களையும் நம்பியது. ரகசியம்தான் முதல். இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. மரவாளால் உண்மையாக மோதினால் எலும்பு முறியும், உயிரும் போகும். எனவே இரண்டு பேர் முன்கூட்டித் தீர்மானித்த அசைவுகளை வரிசையாகச் செய்வதே (இதைத்தான் 'கட்டா' என்கிறார்கள்) பயிற்சியாக இருந்தது. உன் முறை சரியா, என் முறை சரியா என்பதைச் சாகாமல் சோதிக்க வழியில்லை. சோதிக்க வழியில்லாத இடத்தில் பரம்பரைதான் ஆதாரமாகிறது. 'என் ஆசான் சொன்னார், அவருக்கு அவர் ஆசான் சொன்னார்' என்பதற்கு மேல் வாதம் கிடையாது.

இந்த நிலைமையை உடைத்தது எந்தத் தத்துவமும் அல்ல, மூங்கில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷோதோகு ஆண்டுகளில் (1711–1716), ஜிகிஷின்காகே பள்ளியைச் சேர்ந்த நகானுமா ஷிரோசயெமோன் மூங்கில் வாளையும் முகக்கவசம், கையுறைகளையும் செம்மைப்படுத்திப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார். 1760களில் இத்தோ பள்ளியின் நகானிஷிக் கிளையும் இதைப் பின்பற்றியது. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மூங்கிலால் அடித்து விளையாடுவது வாள்வித்தை ஆகாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. மூங்கில் வளையும், எஃகு வெட்டும். ஆனால் வேறு வேறு பள்ளிகளைச் சேர்ந்த இரண்டு பேர் முழுப் பலத்தோடு அடித்துக்கொண்டு, பிறகு கவசத்தைக் கழற்றிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிகிற நிலைமை முதன்முதலாக அப்போதுதான் உண்டாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இது சகஜமாகிவிட்டது. சாகா பிரதேசத்தைச் சேர்ந்த முதா புன்னோசுகே என்ற வாள்வீரர் 1853 முதல் 1855 வரை ஜப்பான் முழுக்கச் சுற்றியிருக்கிறார். அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. சினிமாவில் பார்க்கிற மாதிரி ஊர் ஊராகப் போய் வெட்டிச் சாய்த்த கதை அல்ல அது. ஒவ்வோர் ஊரின் பயிற்சிக்கூடத்துக்கும் போய் அங்குள்ளவர்களோடு பயிற்சி செய்வதும், சாயங்காலம் அவர்களே விடுதிக்கு வந்து இவரோடு குடித்துப் பேசிவிட்டுப் போவதுமாகத்தான் பக்கங்கள் நகர்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்பு ரத்தப் பத்திரம் தடுத்த காரியம் இது. மனிதர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. மோதினாலும் சாக வேண்டியதில்லை என்றானதும் போய்ப் பார்க்கும் ஆசைக்கு வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

3

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ (1860–1938) பல ஆசான்களிடம் கற்றவர் என்பது அவரைப் பற்றிய எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. எப்படி அது சாத்தியமானது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1868க்குப் பிந்தைய மெய்ஜி ஆட்சி சாமுராய் வகுப்பின் சலுகைகளை ஒழித்தது. வெறுங்கைச் சண்டைக் கலையான ஜுஜுத்சுவை ஆதரிக்க ஆளில்லை. ஆசான்களில் பலர் எலும்பு முறிவு வைத்தியம் பார்த்துப் பிழைத்தார்கள். ஒல்லியான உடம்போடு பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய கானோ, எலும்பு வைத்தியர்களைத் தேடிப்போய் விசாரித்துத்தான் 1877இல் தன் முதல் ஆசான் ஃபுகுதா ஹாச்சினொசுகேவைக் கண்டுபிடித்தார். தென்ஜின் ஷின்யோ பள்ளிக்காரர். ஒரு வீச்சை எப்படிச் செய்வது, கை எங்கே, கால் எங்கே என்று கானோ கேட்டபோது, ஃபுகுதா விளக்கம் சொல்லவில்லை; 'வா' என்று கூப்பிட்டுத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டார். செய்யச் செய்ய வரும் என்பதே பாடம். 1879இல் ஃபுகுதா இறந்துபோனார். அடுத்து அதே பள்ளியின் இஸோ மசாதோமோ, கட்டாவில் தேர்ந்தவர். 1881இல் அவரும் இறந்தார். மூன்றாவதாகக் கித்தோ பள்ளியின் ஈகுபோ சுனெதோஷி, வீச்சுகளில் வல்லவர்.

ஆக, கானோ மூன்று பேரிடம் போனதற்கு அவருடைய விசாலமான மனம் மட்டும் காரணமில்லை. நான்கு வருஷத்தில் இரண்டு ஆசான்கள் இறந்துபோனார்கள்; மதிப்பிழந்து கிடந்த ஒரு கலையில் ரத்தப் பத்திரத்துக்கும் பழைய பிடி இல்லை. ஆனால் இந்த நெருக்கடியிலிருந்து அவர் கண்டுகொண்டது முக்கியமானது: ஒருத்தரிடம் இருப்பது இன்னொருத்தரிடம் இல்லை; முழுசாக எவரிடமும் இல்லை.

புத்தகமும் அவருக்கு ஆசானாக இருந்தது. ஃபுகுதாவிடம் படிக்கும்போது ஃபுகுஷிமா என்கிற கனத்த உடம்புக்காரரை அவரால் அசைக்க முடியவில்லை. முதலில் சுமோ நுணுக்கங்களை முயன்றார், பலிக்கவில்லை. பிறகு நூலகத்துக்குப் போய் மேற்கத்திய மல்யுத்தப் புத்தகங்களைத் தேடினார். எதிராளியைத் தோளின் குறுக்கே தூக்கிச் சுழற்றிப் போடுகிற ஒரு முறை அதில் கிடைத்தது. ஃபுகுஷிமா விழுந்தார். இந்த வீச்சுக்கு 'கட்டா-குருமா', தோள்சக்கரம், என்று பெயராகி ஜூடோவுக்குள் நிலைத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது ஆசானோடு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. கானோ 1882இல் கோடோகான் என்ற தன் பயிற்சிக்கூடத்தை டோக்கியோவில் ஒரு கோயிலின் 12 பாய் அளவுள்ள இடத்தில் தொடங்கியிருந்தார். ஈகுபோ அங்கே வந்து சொல்லிக்கொடுப்பார். வழக்கமாக அவர்தான் எறிவார், கானோ விழுவார். ஒரு நாள் அது தலைகீழானது. ஈகுபோவின் வீச்சுகள் பலிக்கவில்லை, கானோவின் வீச்சுகள் பலித்தன. எதிராளியின் நிலைகுலையும் கணத்தைப் பற்றி யோசித்து முயன்றுவந்ததைக் கானோ சொன்னார். இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை, இளைஞர்களை வைத்து நீயே ஆராய்ச்சியைத் தொடர் என்றார் ஈகுபோ. பள்ளியின் சான்றும் சுவடிகளும் கானோவிடம் வந்துசேர்ந்தன.

குரு என்ற சொல்லைக் கேட்டதும் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் நாம். ஆகவே ஈகுபோவின் பெருந்தன்மையில் நெகிழ்ந்துபோகத் தோன்றும். நெகிழ்ச்சி இருக்கட்டும். அந்த ஒப்புதலைச் சாத்தியமாக்கியது எது என்று பார்க்க வேண்டும். 'ரண்டோரி' என்னும் கட்டற்ற பயிற்சியில், முன்கூட்டித் தீர்மானிக்காமல், ஆசானும் மாணவனும் ஒரே பாயில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஆசான் விழலாம். விழுந்தால் அவமானமில்லை, செய்தி. கட்டாவில் இப்படி ஒரு காரியம் நடக்கவே முடியாது. அங்கே யார் விழ வேண்டும் என்பது முதலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. துரோணரின் கூடத்தில் இல்லாமற்போனது கருணை மட்டும் அல்ல. ஏகலைவனும் அர்ச்சுனனும் ஒரே மைதானத்தில் நின்று பார்த்துக்கொள்கிற ஏற்பாடும்தான்.

4

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோடோகான்காரர்கள் வீச்சில் கெட்டிக்காரர்கள் என்று பேரெடுத்திருந்தார்கள். ஃபுசென் பள்ளியின் தனாபே மதாயெமோன் அவர்களைத் தரையில் வைத்துத் தோற்கடித்தார். எறிவதற்கு முன்பே கீழே இழுத்துக் கழுத்தை நெரிக்கும் பிடி, மூட்டைப் பூட்டும் பிடி. தோற்ற பிறகு கோடோகானில் தரைப்பிடிகள் தீவிரமாகப் பயிலப்பட்டன. 1906இல் கியோத்தோவில், போர்க்கலைகளுக்கான பெரிய சங்கத்தின் பெயரில், பல ஜுஜுத்சு பள்ளிகளின் ஆசான்கள் கானோவின் தலைமையில் உட்கார்ந்து பொதுவான கட்டாக்களை வகுத்தார்கள். 1928இல் கோடோகானுக்குள்ளேயே பழைய போர்க்கலைகளை ஆராயும் சங்கம் ஒன்றை அவர் ஏற்படுத்தி, பழைய வாள்பள்ளியின் ஆசான்களை வரவழைத்தார். 1930இல் ஐகிடோவை உருவாக்கிக்கொண்டிருந்த உயேஷிபா மொரிஹெய்யின் பயிற்சியைப் போய்ப் பார்த்தார். தான் மனசில் வைத்திருந்த லட்சிய வடிவம் இதுதான் என்று பாராட்டிவிட்டுத் தன் மாணவர்களில் சிலரை அங்கே கற்க அனுப்பினார்.

தன் மாணவனை இன்னொருத்தரிடம் தானே அனுப்பிவைக்கிற இந்தக் காரியம், 'யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதிலிருந்து வேறுபட்டது. போகிறவன் துரோகியாக அல்ல, தூதனாகப் போகிறான். திரும்பிவந்து கணக்குச் சொல்ல அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மொச்சிசுகி மினொரு (1907–2003). இவருடைய கதை நம் வாதத்தைச் சிக்கலாக்குகிறது. அதனாலேயே அதைச் சொல்ல வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அவர் பிரான்சுக்குப் போய் ஜூடோவும் ஐகிடோவும் சொல்லிக்கொடுத்தார். அங்கே குத்துச்சண்டைக்காரர்கள், உதைக்கிறவர்கள், மல்யுத்தக்காரர்கள் எல்லோரோடும் மோத வேண்டிவந்தது. திரும்பிவந்து, ஐகிடோவின் நுணுக்கங்கள் மட்டும் போதவில்லை, மற்றக் கலைகளையும் சேர்த்துத்தான் சமாளித்தேன் என்று உயேஷிபாவிடம் சொன்னார். உயேஷிபாவுக்கு அது பிடிக்கவில்லை. ஜெயிப்பது தோற்பது என்றே யோசிக்கிறாய், உன் சிந்தனையே தவறு என்கிற பொருளில் பதில் சொன்னதாக மொச்சிசுகி பிற்காலப் பேட்டியில் நினைவுகூர்ந்தார்.

யார் சரி? மொச்சிசுகி பக்கம் சாய்வது சுலபம். ஆனால் உயேஷிபாவின் பதிலில் ஒரு கேள்வி இருக்கிறது: நீ எந்த மைதானத்தில் நின்று என்னை அளக்கிறாய்? சோதிக்கும் களமும் ஓர் ஆசான்தான். அதுவும் சிலவற்றைச் சொல்லித்தரும், சிலவற்றைச் சொல்லித்தராது. குத்துச்சண்டைக்காரரை வீழ்த்துவதுதான் கேள்வி என்றால் ஒரு பதில். எதிராளியையும் காயப்படுத்தாமல் வெளியே வருவதுதான் கேள்வி என்றால் வேறு பதில். இதேபோல் ஜூடோவிலிருந்து உயேஷிபாவிடம் போன தோமிகி கென்ஜி, ஐகிடோவுக்கும் ஒரு போட்டி வடிவம் வேண்டுமென்று உருவாக்கினார். அதுவே அவரைத் தலைமைப் பள்ளியிலிருந்து பிரித்தது. திறந்த மனம் என்பது களத்தில் இறங்கத் தயாராக இருப்பது மட்டும் அல்ல, களத்தின் விதியை யார் எழுதினார்கள் என்று கேட்பதும்கூட.

5

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது பழமைவாதிகளின் வாதம் என்று தள்ளிவிடத்தக்கதல்ல. 'முதலில் ஒருத்தரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொள். நாலு பேரிடம் ஓடினால் நாலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.' ஜப்பானிய மரபில் 'ஷு, ஹா, ரி' என்று மூன்று படிகள் சொல்வார்கள்: காத்தல், உடைத்தல், விலகுதல். காக்காமல் உடைக்க எதுவுமில்லை.

உடம்பு கற்கும் விதம் இந்த வாதத்துக்குச் சாதகமாக இருக்கிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1934இல் 'உடம்பின் நுணுக்கங்கள்' பற்றி ஆற்றிய உரையில் தன் நீச்சலையே உதாரணம் காட்டினார். அவர் காலத்தில் நீந்தும்போது தண்ணீரை வாயில் இழுத்துத் துப்பக் கற்றுத்தந்திருந்தார்கள், நீராவிக் கப்பல் மாதிரி. அது அபத்தம் என்று தெரிந்த பிறகும் தன்னால் அதை விட முடியவில்லை என்றார். உடம்பு கற்றதைப் புத்தி மறுத்தாலும் உடம்பு மறக்காது. முதல் ஆசான் நம் தசைக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஃபூக்கோ 1975இல் எழுதிய ஒழுங்கும் தண்டனையும் பற்றிய நூலைப் படித்தவர்களுக்கு இது அதிகாரத்தின் வேலையாகத் தெரியும், சரிதான். ஆனால் அந்த வேலை நடக்காமல் ஒருவருக்கு ஒழுங்காக விழக்கூடத் தெரியாது. ஜூடோவில் முதல் பாடம் விழுவதுதான்.

ஆகவே பல பேரிடம் கற்பது என்பது பலவற்றைச் சேகரிப்பது அல்ல. பத்து ஆசான்களிடம் பத்துச் சான்றிதழ் வாங்கியவர் ஒருவரிடமும் கற்காதவராக இருக்கலாம். இரண்டாவது ஆசானிடம் போகும்போது, முதல் ஆசான் உடம்பில் எழுதியது இடறுகிறது. குத்துச்சண்டையில் நிற்கிற மாதிரி மல்யுத்தத்தில் நின்றால் கால் பறிபோகும். அந்த இடறலைத் தாங்கிக்கொண்டு, 'அங்கே நான் பெரிய ஆள், இங்கே நான் கத்துக்குட்டி' என்று நிற்கிற சில மாதங்கள்தான் கற்றல். அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டு, புதியதைப் பழையதின் பாஷையில் 'இது எங்களிடமும் இருக்கிறது' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறவர் எத்தனை பேரிடம் போனாலும் ஒரே ஆசானிடம்தான் இருக்கிறார். நம்முடைய இலக்கியச் சண்டைகளில் 'இதெல்லாம் எங்கள் மரபில் ஏற்கெனவே இருக்கிறது' என்கிற வாக்கியம் இந்த வேலையைத்தான் செய்கிறது. 'உங்கள் கோட்பாட்டில் இதெல்லாம் இல்லை' என்று வாசிக்காமலே சொல்கிற எதிர் வாக்கியமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

காத்தல் என்கிற படியிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. எப்போது அது முடிகிறது என்று யார் சொல்வது? ஆசான்தான் என்றால் அது முடியவே முடியாது. ரண்டோரி மாதிரி ஓர் இடம் இருந்தால் பாய் சொல்லும்.

6

மூன்றாவது அம்சத்துக்கு, யாரிடம் கற்றோம் என்று சொல்லுதலுக்கு, ஒகினாவாவுக்குப் போக வேண்டும். ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்து 1879இல் ஜப்பானோடு இணைக்கப்பட்ட தீவு. அங்கே வழங்கிய கலைக்குப் பழைய பெயர் 'தோதே', அதாவது சீனக் கை. அந்த எழுத்துகளையே 'கராத்தே' என்றும் வாசிக்கலாம்.

1922இல் இந்தக் கலையை டோக்கியோவில் காட்டிய பள்ளிக்கூட ஆசிரியர் ஃபுனகோஷி கிச்சின் (1868–1957), தனக்கு அசாதோ, இதோசு என்று இரண்டு ஆசான்கள் என்பதைச் சுயசரிதையில் மரியாதையோடு சொல்கிறார். மற்ற ஆசான்கள்மேல் பொறாமை இல்லாதவர்கள், அவரவர் எதில் சிறந்தவரோ அதை அவரிடம் கற்றுக்கொள் என்று தாங்களே அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினார்கள் என்கிறார். அந்த வருஷமே கானோ அவரைக் கோடோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். கராத்தே ஜூடோவிடமிருந்து வெள்ளை உடுப்பையும் பெல்ட்டையும் தரவரிசையையும் எடுத்துக்கொண்டது. 1924இல் ஃபுனகோஷி தன் மாணவர்களுக்கு முதல் தரங்களை வழங்கினார். இன்று 'பல நூற்றாண்டுப் பாரம்பரியம்' என்று நமக்கு விற்கப்படுகிற கறுப்பு பெல்ட் கராத்தேவுக்குள் வந்து இன்னும் 120 வருஷம்கூட ஆகவில்லை.

அதே ஊர்க்காரரான மாபுனி கென்வா (1889–1952) போலீஸ்காரர். இதோசுவிடமும் ஹிகாஓன்னா கான்ரியோவிடமும் கற்றார். இரண்டும் வேறு வேறு போக்கு: ஒன்று ஷுரி ஊர் வழி, மற்றது சீனாவின் ஃபூஜோவில் போய்க் கற்று வந்த நாஹா வழி. இரண்டு ஆசான்களும் 1915இல் இறந்தார்கள். பிற்பாடு ஒசாகாவில் தன் பள்ளிக்குப் பெயர் வைக்க வேண்டிவந்தபோது மாபுனி, இதோசுவின் பெயரின் முதல் எழுத்தையும் ஹிகாஓன்னாவின் பெயரின் முதல் எழுத்தையும் எடுத்து, அவற்றின் மாற்று உச்சரிப்பில் 'ஷி', 'தோ' என்று சேர்த்து 'ஷிதோ-ரியூ' என்றார். பெயரைச் சொன்னாலே இரண்டு ஆசான்களையும் சொன்னதாகிவிடும். ஒருத்தரை மட்டும் சொல்லி மற்றவரை விட வழியில்லை.

இதற்கு எதிர்ப்புறத்தில் நடந்தது வேறு. 1930களில் ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்துக்கொண்டிருந்தது. 'சீனக் கை' என்ற பெயர் உறுத்தியது. 'கரா' என்ற ஒலிக்குச் 'சீனா' என்றும் 'வெறுமை' என்றும் பொருள்படும் இரண்டு எழுத்துகள் உண்டு. ஃபுனகோஷி இரண்டாவதைப் பரப்பினார்; 1936இல் நாஹாவில் கூடிய ஒகினாவா ஆசான்களும் அதை ஏற்றார்கள். 'வெறுங்கை' என்ற எழுத்து 1905லேயே ஓர் ஒகினாவா ஆசானால் பயன்படுத்தப்பட்டதுதான். அதற்குத் தத்துவ விளக்கமும் இருக்கிறது. ஆனாலும் கட்டாக்களின் சீனச் சாயல் கொண்ட பெயர்களைக்கூட ஃபுனகோஷி ஜப்பானியப் பெயர்களாக மாற்றினார்: பினான் ஹெய்யான் ஆனது, குஷான்கு கான்கு ஆனது. குஷான்கு என்பது ஒகினாவாவுக்கு வந்த ஒரு சீனரின் பெயர் என்பது அந்த மரபின் நம்பிக்கை. உடம்பு அவர் சொன்ன அசைவுகளைச் செய்துகொண்டே இருந்தது, வாய் மட்டும் அவர் பெயரைச் சொல்வதை நிறுத்தியது.

மத்தியதேசத்தில் ஏற்கப்பட விரும்பிய ஒரு விளிம்புத் தீவின் ஆசிரியருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தனிமனிதக் குற்றமாக இதைப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிறது. எல்லோரிடமிருந்தும் கற்கத் தயாராக இருக்கிற மனம், கற்ற பிறகு அவர்களை அழிக்கவும் தயாராக இருக்கலாம். ஒடுக்கப்பட்டவர்களின் கையிலிருந்த கலைகளும் சொற்களும் பொதுச்சொத்தாகிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை.

7

திறந்த கதவுகள் திறந்தபடியே இருப்பதில்லை. 1914 முதல் கியோத்தோவை மையமாக வைத்து நடந்த உயர்கல்வி மாணவர்களின் ஜூடோப் போட்டிகளில் தரைப்பிடி அபாரமாக வளர்ந்தது. கால்களால் கழுத்தை முக்கோணமாக நெரிக்கும் பிடி அங்கேதான் செழித்தது. தனாபேயிடம் தோற்றுத் தரையைக் கற்ற அதே கோடோகான் 1925இல், நின்ற நிலையிலிருந்து தரைக்குப் போவதைக் கட்டுப்படுத்தி விதி எழுதியது. கானோ நூலகத்தில் கண்டெடுத்த தோள்சக்கரம் என்ன ஆயிற்று? எதிராளியின் காலைக் கையால் பிடித்துத் தூக்குவது அதன் மூல வடிவம். சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010இல் காலை நேரடியாகப் பிடிப்பதைத் தடைசெய்தது. 2013இல் தடை முழுமையானது. ஜூடோ மல்யுத்தமாகிவிடுகிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மல்யுத்தப் புத்தகத்திலிருந்து வந்த வீச்சு, மல்யுத்தம் மாதிரி இருக்கிறது என்று வெளியே நிறுத்தப்பட்டது.

கோடோகான்காரரான மயேதா மிட்சுயோ 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். கிரேசி குடும்பத்து இளைஞர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து பிரேசிலிய ஜியு-ஜிட்சு கிளைத்தது. 1993இல் அமெரிக்காவின் டென்வரில் கலைகளுக்கிடையே நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் அந்தக் குடும்பத்தின் ராய்ஸ் கிரேசி எல்லோரையும் தரையில் வைத்து ஜெயித்தார். அதன் பிறகு குத்துகிறவர்கள் தரையைக் கற்றார்கள், தரைக்காரர்கள் குத்தக் கற்றார்கள். கலவையால் உலகப் புகழ்பெற்ற இந்தக் கலையிலேயே, ஒரு கூடத்தை விட்டு இன்னொரு கூடத்துக்குப் போகிற மாணவனை 'கிரியோண்டே' என்று திட்டுவார்கள். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் கட்சி மாறிக்கொண்டே இருக்கும் பாத்திரத்தின் பெயர் அது. களத்தில் மூங்கில் வாள் வந்துவிட்டாலும், வாசலில் பழைய ரத்தப் பத்திரம் தொங்கிக்கொண்டிருக்க முடியும்.

நம் ஊர் வகுப்புகளில் அந்தப் பத்திரத்தின் வேலையைப் பெல்ட் தேர்வுக் கட்டணம் செய்கிறது. ஒரு மாஸ்டரிடம் பச்சை பெல்ட் வாங்கிய பிள்ளை இன்னொருத்தரிடம் போனால் பெரும்பாலும் வெள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். இதில் மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை. மாதச் சம்பளம் கிடையாது, வாடகைக் கூடம், முப்பது பிள்ளைகளில் பத்துப் பேர் போய்விட்டால் அடுப்பு எரியாது. அவருடைய மனசைத் திறக்கச் சொல்வதைவிட, இரண்டு மாஸ்டர்களின் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மைதானத்தில் தரவரிசை பார்க்காமல் பயிற்சி செய்ய ஓர் ஏற்பாடு செய்வது காரியமாகும்.

8

இதையெல்லாம் ஏன் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும்? வாசிப்பு வட்டங்கள், அமைப்புகள், இதழ்கள் எல்லாம் ஒருவகையில் பயிற்சிக்கூடங்கள்தான். இங்கும் சேரும்போது எழுதாத ஒரு பத்திரம் கையெழுத்தாகிறது. இன்னாரைப் படிக்கலாம், இன்னாரைத் திட்டுவதற்காக மட்டும் படிக்கலாம் என்று. இன்னொரு முகாமின் கூட்டத்துக்குப் போய்வந்த தோழர் திரும்பி வரும்போது அவர் என்ன கற்றார் என்று யாரும் கேட்பதில்லை. ஏன் போனார் என்றுதான் கேட்கிறார்கள். பிறகு, நம்மில் யாருக்கும் திறந்த மனமில்லை என்று நாமே வருத்தப்பட்டுக் கட்டுரையும் எழுதுகிறோம்.

வருத்தத்துக்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். நம் அமைப்பிலிருந்து ஒருவரை, எதிர்த்தரப்பு என்று நாம் நினைக்கிறவர்களிடம் ஆறு மாதம் கற்றுவர நாமே அனுப்பியிருக்கிறோமா? நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் கண்ணெதிரில் வாதத்தில் விழக்கூடிய, விழுந்தாலும் மறுநாள் மரியாதையோடு வந்து உட்காரக்கூடிய ஓர் இடம் நம்மிடம் இருக்கிறதா, அந்த இடத்தின் விதியை எழுதியவர் யார்? நாம் இன்று நம்முடையது என்று பேசுகிற கருத்தை எவரிடமிருந்து பெற்றோமோ அவர் பெயரை, அவர் இப்போது நமக்குப் பிடிக்காதவராகிவிட்ட பிறகும், சொல்கிறோமா?

மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வருகிற இடத்தில் மனசைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவைக்கலாம். முதலில் மூங்கில் வெட்ட வேண்டும். கவசம் தைக்க வேண்டும். மைதானத்துக்கு வாடகை யார் கொடுப்பது என்று பேச வேண்டும்.